பார்லித் தண்ணீரில் கரைந்த கட்டி

எனக்கு வந்த நோயைவிட, அதற்கு என் சனம் வைத்த பெயர்கள்தான் எனக்கு அதிகம் குமட்டின. கட்டி என்றார்கள். வயிற்றுக் கோளாறு என்றார்கள். பெண்களின் வருத்தம் என்று குரலைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி சூடு என்றாள். நாலு பேர் கூடிய இடத்துக்குள் நான் நுழைந்தால் கதை நின்றுவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தங்கள் தேநீரைப் பார்ப்பார்கள். சூலகப் புற்றுநோய் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கே சொல்லவில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டுசல்டோர்ஃபின் புறநகர் ஒன்றில் தொடர்மாடி வீட்டில் இருந்தோம். இவர், அதாவது என் கணவர், ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் காலை வேலை. நாற்பது தாண்டியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்காக என் சனம் எனக்குச் செய்த மரியாதைகளை எழுதத் தொடங்கினால் இது முடியாது. பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டில் முன்னுக்கு நிற்காதே, ஆரத்தியை வேறு யாராவது எடுக்கட்டும், பிறந்த பிள்ளையை அதிகம் தூக்காதே. அப்படிப்பட்டவளின் வயிறு ஒரு குளிர்காலத்தில் ஊதத் தொடங்கியது.

எல்லோருக்கும் கொண்டாட்டம். கோயிலில் ஒருத்தி என்னிடம் கேட்காமலே வயிற்றில் கையை வைத்து, அம்மாள் கண் திறந்துவிட்டாள் என்றாள். அதுவரை எனக்கு முன்னால் தன் மருமகளின் வளைகாப்பைக்கூடச் சொல்லாதவள் அவள். மாங்காய் ஊறுகாய்ப் போத்தல்கள் வந்தன. மருந்துக்கடைச் சோதனை இல்லை என்று காட்டியது. அந்தச் சோதனைகள் சில வேளை பிழைக்கும் என்று இவர் சொன்னார். இரண்டு கரண்டிச் சோற்றுக்கு மேல் இறங்காது, பாவாடை நாடாவைக் கட்ட முடியாது, படுத்தால் மூச்சு முட்டும். இதெல்லாம் கர்ப்பம்தான் என்று பெற்றவர்கள் பெறாதவளுக்கு வகுப்பெடுத்தார்கள். எங்கள் வீட்டு டொக்டர் என் வயிற்றைத் தொட்டு அழுத்தினார். அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த மனிதர், பகிடியை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பெரியக்கா வந்தாள். இவரின் தமையன் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். எண்பதுகளின் தொடக்கத்திலேயே ஜெர்மனிக்கு வந்தவள். எங்கள் வட்டாரத்துத் தமிழருக்கு நகரசபை, பள்ளிக்கூடம், வெளிநாட்டவர் அலுவலகம் எல்லாவற்றிலும் அவள்தான் வாய். ஒரு டேர்மின், அதாவது முன்கூட்டிக் குறித்த சந்திப்பு, என்றால் அவளில்லாமல் யாரும் வீட்டுப் படி இறங்க மாட்டார்கள். அவளுக்கு முன்னால் எல்லோரும் கொஞ்சம் குனிந்துதான் நிற்பார்கள், நானும் நின்றேன். நாளைக்கு எந்தக் கடிதம் எந்த அலுவலகத்திலிருந்து வருமோ, யாருக்குத் தெரியும்.

முதல் நாள் அவள் தாழ்வாரத்தில் டொக்டருடன் தனியாக நின்று ஏதோ கதைத்தாள். பிறகு எல்லோரும் உள்ளே போனோம். டொக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். வெகுநேரம் பேசினாள். தாளில் படம் கீறினாள். இடையில் ஒரு தடவை என் கையைப் பிடித்தாள். எல்லாம் முடிந்ததும் பெரியக்கா என் பக்கம் திரும்பி, வயிற்றுக்குள் ஒரு கட்டி, எடுத்துவிட்டால் சரியாம் என்றாள். இவ்வளவு நேரம் கதைத்தது இதற்குத்தானா என்று கேட்டேன். ஜெர்மன்காரர் ஒன்றைச் சொல்ல ஒன்பதைச் சுற்றுவார்கள் என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

என் வயிற்றில் இருந்து வாளிக் கணக்கில் தண்ணீர் எடுத்தார்கள். நெஞ்சுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரைக்கும் வெட்டினார்கள். கண் விழித்தபோது சனம் வந்திருந்தது. எங்கள் சனத்துக்கு நோயாளியைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. கட்டிலில் உட்காருவார்கள். குழாய் வழியாக மூத்திரம் இறங்குகிற பையைக் குனிந்து பார்ப்பார்கள். ஆட்டிறைச்சிக் கறியையும் குழல் புட்டையும் பிளாஸ்டிக் பெட்டியில் கொண்டுவந்து, ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று வைத்திருந்தவளின் மூக்குக்கு முன்னால் திறப்பார்கள். பிறகு தாங்களே உண்பார்கள். பக்கத்துக் கட்டில்காரிகள் சன்னலைத் திறப்பார்கள். எனக்கு வெட்கத்தில் உடம்பு எரியும். அந்தக் கறியின் மணம் இன்றைக்கும் எனக்குச் சரிவராது.

காயம் ஆறியதும் கீமோ தொடங்கினார்கள். கட்டியின் வேர் போக மருந்து ஏற்றுகிறார்கள் என்று பெரியக்கா மொழிபெயர்த்தாள். முதல் நாள் பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜெர்மன் கிழவி இருந்தாள். தலையில் நீலத் துணி கட்டி, சஞ்சிகையில் குறுக்கெழுத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். உன் டுமோர்மார்க்கர் எத்தனை என்று கேட்டாள். அப்படியென்றால் என்ன என்று நான் கேட்டேன். அவள் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரத்தத்தில் இருக்கிற ஒரு புரதம், புற்றுநோய் இருந்தால் கூடும், மருந்து வேலை செய்தால் குறையும் என்றாள். தன் வயிற்றைத் தட்டினாள், என் வயிற்றைக் காட்டினாள், இரண்டு பேருக்கும் ஒன்றுதானே, நர்ஸ் சொன்னாள் என்றாள்.

என்னுடைய ஜெர்மன் சலவைக்கூட ஜெர்மன்தான். விரிப்பு, தலையணை உறை, இரத்தக்கறை, சீக்கிரம், நாளைக்கு. ஆனால் புற்றுநோய்க்கான சொல் எனக்கு நன்றாகத் தெரியும். முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கை காலியானால், என்னவாம் என்று கேட்போம். பல தடவை அந்தச் சொல்தான் பதிலாக வரும். கிழவி அதைச் சொன்னபோது என் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. கையை அசைக்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை அந்தச் சொல்லோடு அங்கேயே கிடந்தேன்.

மாலையில் டொக்டரைத் தனியாகக் கேட்டேன். எனக்குத் தெரிந்த சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். எனக்குப் புற்றுநோய். நீ ஏன் சொல்லவில்லை. அவள் முகம் சிவந்துவிட்டது. சொன்னேனே, உன் உறவினர் மொழிபெயர்த்தாரே என்றாள். பிறகு நிறுத்தி, இல்லை, உனக்கு விளங்காத பெரிய மருத்துவச் சொற்களாகச் சொல்லும்படி அவர் கேட்டார், நோயாளிக்கு நேராகச் சொல்வது உங்கள் பண்பாட்டில் இல்லையாம், அதை மதிக்க நினைத்தேன் என்றாள்.

பண்பாடாம். என் கர்ப்பப்பையையும் சூலகத்தையும் வெட்டி எடுத்து ஒரு சட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். அது என்ன என்று தெரியாத ஒரே ஆள் நான். வார்டைத் துடைக்கிறவளுக்குக்கூடத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் விஷயத்தில் நானே சோறு. அந்த டொக்டர் நல்லவள்தான். ஆனால் எங்களை மதிப்பதாக நினைத்துக்கொண்டு எங்கள் அழுக்கை மதிக்கிற அந்த நல்ல மனத்தின்மேல் எனக்கு அன்றைக்குத் துப்ப வேண்டும்போல இருந்தது.

அதன்பிறகு அவள் என்னோடு மெதுவாகப் பேசினாள். விளங்காததைக் கீறிக் காட்டினாள். நோய் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறது, வயிற்றின் உள்தோலெங்கும் பரவியிருந்தது, முடிந்ததை எடுத்தோம், எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. அந்தப் புரதத்தை நோயின் கலங்கள் இரத்தத்துக்குள் விடுகின்றன. வரும்போது உனக்கு ஆயிரத்துக்கு மேல். முப்பத்தைந்துக்குக் கீழே வந்தால் சந்தோஷம். ஆனால் எண் குறைந்தால் நோய் முழுதாகப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வேறு காரணங்களாலும் அது ஏறும் இறங்கும். எவ்வளவு காலம் இருப்பேன் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள். பலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, நீ எந்தப் பக்கம் என்று இன்றைக்கு எந்த எண்ணும் காட்டாது. இத்தனை நாளில் என்னிடம் பேசப்பட்ட முதல் நேர்மையான பேச்சு அதுதான். நான் அழுதேன், பிறகு பசித்தது, ஆஸ்பத்திரி ரொட்டியை முழுதாகத் தின்றேன்.

வீட்டில் இவரைக் கேட்டேன். இவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். உமக்குத் தெரிஞ்சால் உடைஞ்சு போவீர் எண்டு பெரியக்கா சொன்னவ என்று சொல்லி, கதவு நிலையில் சாய்ந்து அழுதார். நான் உடையவில்லை, அவர்தான் உடைந்துபோய் நின்றார். நான் வாந்தி எடுக்க வாளி பிடிக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது. பெரியக்காவோடு பிடித்தேன். அவள் அசையவில்லை.

"வெளியாலை தெரிஞ்சால் என்ரை பிள்ளையின்ரை கலியாணம் குழம்பும்," என்றாள். "கனடாவில இருந்து மாப்பிள்ளை பகுதி விசாரிக்கினம். பரம்பரை வருத்தம் எண்டு நினைப்பினம். உனக்குப் பிள்ளையில்லை, உனக்கு விளங்காது."

நான் அவளுடைய பிள்ளைக்கு ஒரு சொட்டு இரத்த உறவும் இல்லை. அவளுடைய புருஷனின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள். என் சூலகத்திலிருந்து அவளுடைய மகளின் சூலகத்துக்கு எந்த வழியால் நோய் போகும் என்று கேட்டேன். சனம் அவ்வளவு கணக்குப் பார்க்காது என்றாள். அது மட்டும் உண்மை. எனக்கு அடுத்த ஊசி வந்தது, மயிர் கொட்டியது, நாக்கில் இரும்புச் சுவை ஏறியது. அவளோடு மல்லுக்கட்ட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் எண் குறைந்தது. ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் இரத்தம் எடுத்து டொக்டர் எண்ணைச் சொல்லுவாள். பாதியானது, பிறகு அதிலும் பாதி, பிறகு இரண்டு இலக்கம். வீட்டுக்குள் அது பரீட்சைப் புள்ளி மாதிரி ஆகிவிட்டது. இவர் கடையிலிருந்து தொலைபேசி எடுத்து இண்டைக்கு எத்தினை என்று கேட்பார். முப்பத்தைந்துக்குக் கீழே வந்த அன்றைக்குப் பெரியக்கா லட்டோடு வந்தாள். சுகம் வந்துவிட்டது, இனி அந்தக் கதையே வேண்டாம் என்றாள். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று நான் சொன்னதை அவள் கேட்கவில்லை. லட்டில் ஏலக்காய் கூடிப்போயிருந்தது.

சுகம் வந்தவளைச் சனத்துக்கு முன்னால் காட்டத்தானே வேண்டும். எப்படிச் சுகம் வந்தது என்றும் சொல்ல வேண்டுமே. ஆஸ்பத்திரியைச் சொன்னால் என்ன மருந்து என்று கேட்பார்கள். ஆகவே பெரியக்கா ஒரு கதை கட்டினாள். எனக்கு வயிற்றில் நீர்க்கட்டி வந்ததாம். பார்லித் தண்ணீரும் நெருஞ்சி முள் அவித்த தண்ணீரும் குடித்து, வெள்ளிக்கிழமை விரதம் பிடித்து, அது கரைந்து போனதாம். கோயிலில் வைத்து அவள் அதை இன்னொருத்திக்குச் சொல்வதை நானே என் காதால் கேட்டேன். எத்தனை அவியல், எந்தப் பாத்திரம், காலையா மாலையா என்றெல்லாம் விவரம் வைத்திருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இவள் மூடவில்லை, ஊருக்கு ஊட்டிவிட்டாள்.

அடுத்த கோடையில் அவள் மகளின் கலியாணம். நகரத்துக்கு வெளியே ஒரு மண்டபம், மணவறை, மேளம், இரண்டு வீடியோக்காரர். என் தலையில் பூனை மயிர் அளவுக்கு முளைத்திருந்தது. கிராங்கன்காசே என்கிற மருத்துவக் காப்புறுதி எனக்குக் கொடுத்த பொய்முடி மண்ணிறம் என்று பெரியக்கா அதைத் தள்ளிவிட்டு, கருப்பில் ஒன்றைத் தானே கொண்டுவந்து மாட்டி, கொண்டை போட்டு, அதில் பூவும் குத்தினாள். அதற்குள் வேர்த்து ஒழுகியது. சனம் என்னைப் பார்த்து நல்லாய் மெலிந்து வடிவாய் வந்துவிட்டாய் என்றது. நான் முகம் கழுவக் கழிப்பறைக்குப் போனேன்.

என் பின்னாலேயே ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், பிராங்பேர்ட்டில் இருந்து வந்தவள், மாப்பிள்ளை பகுதிக்குத் தெரிந்தவர்களாம். சேலையைத் தளர்த்திக் கட்டி ஊசி ஊசியாகக் குத்தியிருந்தாள். முகத்தில் சதையில்லை, கை குச்சி. நான் கண்ணாடியில் அவளுடைய வயிற்றைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத வயிறா அது.

"அக்கா, உங்களைத்தான் தேடினனான்," என்றாள். "உங்களுக்கும் இப்பிடித்தானே வந்தது? பார்லித் தண்ணியில கரைஞ்சதெண்டு உங்கட பெரியக்கா சொன்னவ. நான் நாலு மாசமாக் குடிக்கிறன். வெள்ளிக்கிழமையும் பிடிக்கிறன். எனக்கு மட்டும் ஏன் அக்கா கரையேல்லை?"

நான் வாழ்க்கையில் எத்தனையோ அழுக்குத் துணியைக் கையால் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கழிப்பறையில் எனக்கு வந்த அருவருப்பு வேறு. அவள்மேல் இல்லை. அவளுக்குள் ஊற்றப்பட்ட அந்தத் தண்ணீர்மேல். அதைக் காய்ச்சி ஊற்றிய கைமேல். வெளியே மேளம் கேட்டது.

பொய்முடியைக் கழற்றி முகம் கழுவும் தொட்டிக்குள் போட்டேன். சேலையை விலக்கி வெட்டுக் காயத்தைக் காட்டினேன்.

"கரையேல்லை. வெட்டினது. எனக்கு வந்தது புற்றுநோய். உமக்கு என்னெண்டு எனக்குத் தெரியாது. நாளைக்கே டொக்டரிட்டைப் போகவேணும்."

அந்தச் சொல்லை நான் முதன்முதலாகத் தமிழில் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அவள் என் தலையைப் பார்த்தாள், காயத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, அப்ப நான் நாலு மாசம் என்னத்தைக் குடிச்சனான் என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியக்கா கதவைத் திறந்தாள். தொட்டிக்குள் கிடந்த கொண்டையைப் பார்த்ததும் கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றாள். தாலி கட்டி முடியட்டும், அதுவரைக்கும் வாயை மூடு என்றாள். கூட நிற்கிறவளின் வயிற்றை அவள் பார்க்கவே இல்லை. நான் அவளைத் தள்ளிவிட்டு, வெறுந்தலையோடு மண்டபத்துக்குள் போய் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தேன். தாலி கட்டியாயிற்று. யாரும் எழுந்து போகவில்லை, கலியாணம் குழம்பவில்லை. மாப்பிள்ளையின் தாய் என்னிடம் வந்து, சாப்பிட்டீர்களா, உடம்புக்கு முடியாமல் ஏன் கஷ்டப்பட்டு வந்தீர்கள் என்று கேட்டாள். இவ்வளவுதான் விஷயம். இதற்காகத்தான் அந்த நாலு மாதம். வீடியோவில் நான் வருகிற இடத்தைப் பிறகு வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

பிராங்பேர்ட் ஆஸ்பத்திரிக்கு நான் ரயிலில் போனேன். அவளும் புருஷனும் இரண்டு பக்கமும் உட்கார, டொக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொன்னேன். தெரியாத சொல்லை நிறுத்திக் கேட்டேன். அவளுக்கும் அதுவேதான். என்னுடையதைவிடப் பெரிய எண், நுரையீரலைச் சுற்றியும் தண்ணீர். மெதுவாகச் சொல்லுங்கோ என்று புருஷன் என் கையை இடித்தான். நான் மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மாதம் முந்தி வந்திருந்தால் என்று அவள் கேட்டாள். டொக்டர் யோசித்து, உறுதியாகச் சொல்ல முடியாது, இந்த நோய் சத்தமில்லாமல் வளர்வது, ஆனால் உடம்பில் மருந்தைத் தாங்கும் பலம் கூடுதலாக இருந்திருக்கும் என்றாள். அதையும் சொன்னேன்.

அவள் ஒரு வருடத்துக்குச் சற்று மேல் இருந்தாள். எண் முதலில் இறங்கியது, பிறகு ஏறியது, வேறு மருந்துக்கும் இறங்கவில்லை. டொக்டரோடு கதைக்கிற நாளில் நான் வராமல் அவள் வாய் திறக்க மாட்டாள். கோபக்காரி. பார்லி என்ற சொல்லைக் கேட்டாலே துப்புவாள். கடைசிக் காலத்தில் ஒருநாள், அறையில் உறவுகள் நிறைந்து நின்றபோது, அவர்களுக்குக் கேட்கும்படியே என்னிடம் சொன்னாள்.

"நீங்கள் ஒராள்தான் அக்கா என்னோட கதைக்கிறியள். மற்றாக்கள் என்னைச் சுத்தி நிண்டு தங்களுக்குள்ள கதைக்கினம்."

என்னுடைய எண் இறங்கிய இடத்திலேயே நின்றது. அதே புரதம், அநேகமாக அதே மருந்து. ஏன் எனக்கு நின்றது, ஏன் அவளுக்கு ஏறியது என்று டொக்டரைக் கேட்டேன். தெரியாது என்றாள். அந்தத் தெரியாதை என்னால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது, நீ புண்ணியம் செய்தவள், உனக்கு அம்மாள் துணை என்று சனம் வந்து சொன்னதுதான். அப்படியென்றால் பத்து வயதுப் பெண்பிள்ளையை விட்டுவிட்டுப் போனவள் பாவம் செய்தவளா. இப்படிக் கேட்டால், நீ எல்லாவற்றையும் விதண்டாவாதம் ஆக்குகிறாய் என்பார்கள். விபூதி பூசிய வாயால் எவ்வளவு அசிங்கமும் பேசலாம் போல.

அவள் செத்ததும் தமிழ்க் கடைகளில் அறிவித்தல் ஒட்டினார்கள். மாரடைப்பால் காலமானார் என்றிருந்தது. கண்ணாடியில் அதை வாசித்துவிட்டு, வாங்க வந்த வெங்காயத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

செத்தவீட்டு மண்டப வாசலில் புருஷன் என்னை மறித்தான். நெஞ்சு வருத்தம் என்றே சொல்லுங்கோ அக்கா, பிள்ளை ஒன்று இருக்கு, நாளைக்கு அதின்ரை வாழ்க்கை என்றான். பிள்ளை உள்ளே கறுப்புச் சட்டையோடு முதல் வரிசையில் இருந்தது. செத்தவளின் தாயும் யாழ்ப்பாணத்தில் வயிறு ஊதித்தான் செத்தவள். அதை அவளே டொக்டருக்குச் சொன்னாள். அப்படியானால் இந்தப் பிள்ளை வளர்ந்ததும் சொல்லுங்கள், அவள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதை, இந்தப் புருஷனுக்கு நேரே தமிழில் சொன்னவள் நான். அவனும் தலையாட்டினான். இப்போது பிள்ளையின் பெயராலேயே பிள்ளையின் கண்ணைக் கட்டப் பார்க்கிறான்.

உள்ளே ஒரு வயதான பெண், திடீரென்று நெஞ்சு நின்றுவிட்டதாமே என்று என்னைக் கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். இல்லை, சூலகப் புற்றுநோய், எனக்கும் அதுதான், நான் உயிரோடு இருக்கிறேன் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் தேவைப்படவில்லை, அவ்வளவு அமைதி. பிறகு அந்தப் பெண் பக்கத்திலிருந்தவளிடம், அந்தச் சொல்லைச் சொல்லித்தான் இவள் அவளைப் பயப்படுத்திக் கொன்றவளாம் என்று சொன்னது எனக்குக் கேட்டது. இன்றைக்கும் அப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களோடு கதைக்க ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்து, கோட்டுகள் தொங்குகிற இடத்தில் என்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரியக்கா பக்கத்தில் வந்து நின்றாள். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்து நானும் தயாராக நின்றேன். அவள் யாரோ ஒருவரின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் பேசினாள்.

"எனக்கும் ஒரு மாசமா வயிறு ஒரு மாதிரி ஊதிக்கொண்டு வருது," என்றாள். "உன்ரை டொக்டரிட்டை ஒரு டேர்மின் எடுத்துத் தா. நீயும் வா."

உங்களுக்கு ஜெர்மன் தெரியும்தானே, நான் எதற்கு என்று கேட்டேன்.

"உள்ளுக்குப் போனால் பயத்தில எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. எனக்குத் தெரியும். நீ வந்து கேட்டு, ஒண்டையும் விடாமல் எனக்குச் சொல்லு."

எனக்கு அவள்மேல் இருந்த அருவருப்பு ஒரு துளியும் குறையவில்லை. ஓம், வாறன் என்றேன்.